மடி பெருத்த மாடு

மாடு விற்க நினைப்பவர் முதல் நாள் சாயங்காலம் பால் கறக்க மாட்டார். மறுநாள் காலை ஆள் வந்து பார்க்கும்போது மடி புடைத்து, நரம்பு தெறித்து, நான்கு காம்பும் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தரகர் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "மடியைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்பார். பார்க்கிறவருக்கும் கண் அங்கேதான் நிற்கும். வேளைக்கு ஏழு லிட்டர் என்று சொன்னால் எட்டே இருக்கும் போலத் தோன்றும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது குறைந்து, இப்போது போனில் வீடியோ வருகிறது. அதிலும் முதலில் வருவது மடிதான், மாட்டின் முகம் கடைசியில்.

கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில், நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். சுற்றிலும் கரும்பு, மாட்டுக்குக் கரும்புத் தோகைக்குப் பஞ்சமில்லை. எங்கள் கொட்டாயில் இருப்பவை எல்லாம் ஜெர்சி கலப்பு. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஜெர்சி, மலைப் பகுதிக்கு எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்பது அரசாங்கம் வகுத்த முறை. ஆனாலும் கறுப்பு வெள்ளை மாட்டின் மேல் ஆசைப்பட்டுப் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, மாட்டை நாம் மடியின் அளவை வைத்து மதிக்கிறோம், ஆனால் மாடு கெடுவது காம்பில் என்பதைத்தான். எத்தனை லிட்டர் என்று கேட்கிற வாய், காம்பு எவ்வளவு தடிமன், நுனி எப்படி இருக்கிறது, மடி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டாலும் கையில் பிடிக்க வசதியாக இருக்கிறதா என்பதோடு சரி.

நாட்டு மாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது கொடுப்பது ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ. அதற்குத் தகுந்த சின்ன மடி, வயிற்றோடு ஒட்டி நிற்கும். கலப்பு மாட்டில் வேளைக்கு ஐந்து ஆறு லிட்டர் எதிர்பார்க்கிறோம். அந்தப் பாரத்தைத் தாங்க மடியின் நடுவில் ஒரு தசைநார் இருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் இடது வலது மடிக்கு இடையில் ஒரு பள்ளம் தெரியுமே, அது அந்த நார் இழுத்துப் பிடித்திருப்பதன் அடையாளம். ஈத்து, அதாவது கன்று ஈன்ற எண்ணிக்கை, ஏற ஏற நார் தளரும். பள்ளம் மறையும், காம்புகள் வெளிப்பக்கம் சாயும், மடியின் அடிப்பக்கம் பின்னங்கால் முட்டிக்குக் கீழே வந்துவிடும். அதற்கப்புறம் மாடு படுத்து எழுந்திருக்கும்போதெல்லாம் தன் காம்பைத் தானே மிதித்துக்கொள்ளும். சாணியிலும் சேற்றிலும் முதலில் படுவதும் அந்தக் காம்புதான்.

அதனால் யாராவது மாடு பார்க்கக் கூப்பிட்டால் நான் பக்கவாட்டில் நிற்பதில்லை. பின்னால் போய்ப் பள்ளத்தைப் பார்ப்பேன். காம்பு நுனிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். அப்புறம், பேரம் படிந்தாலும் படியாவிட்டாலும், முழுக்கக் கறந்து காட்டச் சொல்வேன். இதற்குத்தான் தரகருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை கறந்த பிறகுதான் தெரியும். நல்ல மடி கறந்ததும் காலிப் பை போலச் சுருங்கித் தொங்கும். கறந்த பிறகும் கனமாக, அமுக்கினால் உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால், அது பால் நிறைந்த மடி இல்லை, சதை தடித்த மடி. ஒரு காலத்தில் நோய் வந்து ஆறிய மடி அப்படித்தான் இருக்கும். எங்கள் பக்கம் கல்மடி என்பார்கள்.

நான்கு காம்பும் நான்கு தனித்தனி அறை. ஓர் அறையின் பால் இன்னொரு காம்பு வழியாக வராது. பின்னிரண்டில்தான் பால் அதிகம், கிட்டத்தட்ட நூற்றுக்கு அறுபது பங்கு. ஆகவே பின்காம்பு ஒன்று போனால் போனது கால்வாசியைவிடக் கொஞ்சம் அதிகம். வேளைக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்று வைத்தாலும் நாளைக்கு இரண்டு லிட்டர்; லிட்டர் 35 ரூபாய் என்று கணக்குப் போட்டால் மாதம் 2,100 ரூபாய். தீவனச் செலவு மட்டும் நான்கு காம்புக்கும் சேர்த்துத்தான்.

காம்பின் நுனியில் இருக்கிற துளைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழல். மாட்டுக்கும் வெளியில் இருக்கிற அத்தனை கிருமிக்கும் நடுவில் இருக்கும் கதவு அவ்வளவுதான். கறக்காத நேரத்தில் அது சுருங்கி, மெழுகு மாதிரியான ஒரு பொருளால் அடைபட்டிருக்கும். கறந்து முடித்த உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் மாடு ஈரத் தரையில் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கறந்ததும் மாட்டுக்குப் புல்லோ வைக்கோலோ போட்டு நிற்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் அத்தை இந்தக் காரணம் எதுவும் தெரியாமலே கறந்தவுடன் ஒரு கட்டுப் புல் போடுவார். "வாயில ஏதாவது இருந்தா அது பாட்டுக்கு நிக்கும்" என்பார். தவிட்டுத் தண்ணியைக் கறக்கும்போதே வைப்பவர்கள் பலர். மாடு குடித்து முடித்துவிட்டு, கறந்து முடித்ததும் நிம்மதியாகப் படுத்துவிடும்.

கை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் ஊரில் எனக்குக் கெட்ட பெயர். எங்கள் ஊரில் பாதிப்பேர் கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவைக் காம்பின் மேல் அழுத்தி இழுத்துக் கறக்கிறார்கள். வேகமாகக் கறக்கலாம், கை வலிக்காது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கணு காம்பின் உள்சுவரை நசுக்குகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு காயம் பட்டு, ஆறி, மறுபடி காயம் பட்டு, கடைசியில் தடித்துவிடும். பால் ஊசி மாதிரி பீச்சாமல் நூலாக வரும். "மாடு கைக்கு இறுக்கமா இருக்கு" என்று இன்னும் பலமாக இழுப்பார்கள். இறுக்கியது யார்? முழு உள்ளங்கையால் காம்பைப் பிடித்து, மேலே ஆள்காட்டி விரலால் அடைத்து, ஒவ்வொரு விரலாகக் கீழே இறுக்கிக்கொண்டு வருவதுதான் முறை. கன்று குடிக்கும்போது நாக்கும் மேல்வாயும் செய்கிற வேலைக்கு நெருக்கமானது அது. இதைச் சொன்னால், "நேத்து வந்தவ எனக்குக் கறவை சொல்லிக் குடுக்கிறா" என்பார்கள். நான் வந்து மகன் காலேஜ் போகிறான்.

அவசரமும் ஒரு காரணம். பால் சொசைட்டியில் விடியற்காலையிலேயே பாலை எடுத்துவிடுவார்கள். வண்டி வந்தால் நிற்காது. மடியைத் தடவிக் கழுவிய ஒரு நிமிடத்துக்குள் மாடு சுரப்பு விடும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும் என்பதால் இழுப்பு பலமாகிறது. கழுவின மடியைத் துடைக்க யாருக்கும் நேரம் இல்லை. அழுக்குத் தண்ணீர் வழிந்து காம்பு நுனியில் சொட்டாக நிற்க, அதோடு கறப்பார்கள். கழுவாமலேயே கறப்பது மேல் என்றுகூடச் சில சமயம் தோன்றும். காய்ந்த துணி ஒன்று, மாட்டுக்கு ஒன்றாக, செலவே இல்லாத வைத்தியம்.

இப்போது காம்பின் தடிமன். கையால் கறக்கிறவர்களுக்கு நீளமான, தடித்த காம்பு பிடிக்கும். விரல் முழுக்கப் பிடிக்கலாம். மாடு வாங்கும்போது இதையும் ஒரு சிறப்பாகச் சொல்வார்கள். இதே காம்பை மற்றொரு பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கறிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் யாரும் பால் கறப்பதில்லை. மேய்ச்சல் காட்டில் மாடு தானே ஈனும், கன்று தானே எழுந்து தானே காம்பைத் தேடிக் குடிக்க வேண்டும். கறவைக்காரன் கன்றுதான். அதனால் அவர்கள் மடியைக் கன்றின் வாயை வைத்து மதிக்கிறார்கள். அமெரிக்காவில் கறிமாட்டுக்காரர்கள் மடி தொங்கும் விதத்துக்கும் காம்பின் அளவுக்கும் தனித்தனியாக 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒட்டிய மடிக்கும் சின்னக் காம்புக்கும் 9. தரையைத் தொடுகிற மடிக்கும் பெருத்த காம்புக்கும் 1. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது விதி, ஏனென்றால் மடி மிக மோசமாக இருப்பதும் கன்றுக்கு மிக அவசரமாக இருப்பதும் அப்போதுதான்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பிராமன் என்கிற இனமே இங்கிருந்து போன கிர், காங்கிரஜ், ஓங்கோல் மாடுகளின் வாரிசு. வெயிலும் உண்ணியும் தாங்கும் என்பதற்காக அதை ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் என்கிற சீமைக் கறிமாடுகளோடு கலந்தார்கள். நாம் பாலுக்காகச் சீமைக் காளையை நம் மாட்டோடு கலந்தோம். அவர்கள் வெயிலுக்காக நம் மாட்டைச் சீமை மாட்டோடு கலந்தார்கள். அவர்களுடைய கலப்பு மாடுகளிலும் வயதேற வயதேற மடி தொங்குவதும் காம்பு பெருப்பதும் பெரிய தலைவலி. நடுவில் உப்பி நுனியில் ஒடுங்கும் அந்தக் காம்பைப் புட்டிக் காம்பு என்றே சொல்கிறார்கள். பிறந்த கன்று வாயைத் திறந்து திறந்து பார்க்கும், உள்ளே போகாது. மடி வேறு கீழே கிடக்கும். கன்றோ இயல்பாக மேல்நோக்கித் தேடும். முட்டி முட்டிப் பார்த்துச் சோர்ந்து படுத்துவிடும். அந்தப் பெரிய மேய்ச்சல் நிலத்தில் அதைக் கவனிக்க ஆள் இருக்காது. அப்படிப்பட்ட தாயை அடுத்த வருடம் மந்தையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் வீட்டில் ஆள் இருக்கிறோம் என்பதால் இது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். எங்கள் செவலை மூன்றாவது ஈத்தில் பின்காம்பு இரண்டும் பெருத்துவிட்டது. கன்று முன்காம்பு இரண்டை மட்டும் சப்பிவிட்டுப் பின்னால் போகவே இல்லை. பின்மடி கட்டி, தொட்டால் உதைத்தது. அத்தை சொம்பில் கறந்து பாட்டிலில் ஊற்றிக் கன்றுக்குக் கொடுத்தார். சீம்பாலைப் பிறந்த சில மணி நேரத்துக்குள், முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் கடந்தால் அதில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் எடுத்துக்கொள்ளாது. எங்கள் பக்கம் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். எங்களுக்கு மாடு பார்க்க வரும் டாக்டரம்மா ஒரு கிண்ணம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டே, "கன்னு குடிச்ச மிச்சம்தானேம்மா இது?" என்று விசாரிப்பார்.

அந்த ஈத்தில்தான் அவர் தட்டுச் சோதனையைச் செய்து காட்டினார். கைப்பிடி வைத்த தட்டு, அதில் நான்கு பள்ளம். ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சைத் தரையில் விட்டுவிட்டு, அடுத்ததை அந்தந்தப் பள்ளத்தில் கறந்தார். தட்டைச் சாய்த்து அதிகப் பாலைக் கொட்டிவிட்டு, ஊதா நிற மருந்தைப் பால் அளவுக்கே ஊற்றி வட்டமாக ஆட்டினார். மூன்று பள்ளத்தில் பாலும் மருந்தும் தண்ணீராகச் சுற்றி ஓடின. வலது பின்காம்புப் பள்ளத்தில் கொழகொழவென்று திரண்டு, ஆட்ட ஆட்ட நடுவில் குவிந்தது. தட்டைச் சாய்த்தபோது மொத்தமாக ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. கண்ணால் பார்த்தால் அந்தக் காம்பின் பாலில் ஒரு குறையும் கிடையாது. திரியவில்லை, நிறம் மாறவில்லை, மடியில் சூடில்லை. உள்ளே கிருமியோடு சண்டை நடக்கிறது, வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்திருக்கின்றன. மருந்தில் இருக்கும் சோப்பு அந்த அணுக்களை உடைப்பதால்தான் இப்படித் திரள்கிறது. 1957-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்த சோதனை இது.

மருந்து கிடைக்காவிட்டால் துணி துவைக்கும் சோப்புத்தூளை 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் கரைத்து அதையே ஊற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதில் ஊதா நிறம் வராது, ஆனால் திரள்வது தெரியும். இப்போது எங்கள் வீட்டில் அது பழகிவிட்டது. மறைந்திருக்கும் இந்த மடிநோய்தான் வெளியில் தெரிகிற மடிநோயைவிட அதிகமாகப் பாலைத் தின்கிறது. சொசைட்டியில் திடீரென்று எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடச்சத்து, குறைந்தால் நாம் சந்தேகப்படுவது தீவனத்தை, இல்லாவிட்டால் அளக்கிற பையனை. கொஞ்சம் காம்பு காம்பாகக் கறந்து நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நோய் பட்ட காம்பின் பால் லேசாக உப்புக் கரிக்கும். நான் அதைச் செய்வதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை. பச்சைப் பாலில் என்ன இருக்கும் என்று தெரியாது.

வெளியில் தெரிகிற மடிநோய் வந்தால் முதலில் எழுகிற பேச்சு கண்ணேறு. மடி பெரிதாக இருந்ததால் யாரோ பார்த்துவிட்டார்களாம். அதற்காகப் பழைய புடவைத் துணியில் பை தைத்து மடியை மூடிக் கட்டுவார்கள். மூத்திரத்தில் நனைந்து, காயாமல், அன்றெல்லாம் காம்போடு ஒட்டிக் கிடக்கும் துணி. மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது அடுப்போடு போகிறது. இந்தப் பைதான் ஆகாது.

துளை அடைத்துக்கொண்டால் செய்கிற வைத்தியம் இன்னும் மோசம். எங்கள் தெருவிலேயே நடந்தது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஒரு காம்பில் பால் வந்து வந்து நின்றது. உள்ளே கடுகு அளவில் ஏதோ உருண்டு வந்து துளையில் அடைக்கிறது. விரலால் மேலே தள்ளினால் மறுபடி பால் வரும். பால் கல் என்று சொல்வோம். ஊருக்கு ஊர் ஊசி போடுகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அவர் வந்து விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, வேட்டியில் துடைத்து, காம்புக்குள் விட்டுக் குடைந்தார். கல் வந்தது. பார்த்தவர்கள் கைதட்டாத குறை. மறுநாள் அந்தப் பக்கம் மடி வீங்கி, மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பகுதி நீலம் பாரித்துச் சில்லிட்டுப் போயிருந்தது. தொட்டால் மாட்டுக்கு உணர்வில்லை. மாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள், மடியின் அந்தக் கால்பங்கு அழுகி விழுந்தது. டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் குச்சிய உங்க கண்ணுக்குள்ள விடுவீங்களா?"

வேப்பிலையின் ஈர்க்கில் மஞ்சளும் வெண்ணெயும் தடவிக் காம்பில் விடும் முறை ஒன்று மரபுவழி வைத்தியத்தில் இருக்கிறது, தேசிய பால்வள வாரியமே அதைச் சொல்லித் தருகிறது. அது புதிதாகப் பறித்துக் கழுவிய ஈர்க்கு. விளக்குமாறு அல்ல. தெரிந்தவர் செய்ய வேண்டிய காரியத்தை நான் என் கையால் செய்ய மாட்டேன், அடைப்பு என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுவேன்.

ஆனால் சோற்றுக் கற்றாழைப் பூச்சின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று ஒரு விழுது வரும். அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நோய் பட்ட மடியை ஒட்டக் கறந்து கழுவிவிட்டு, நாளைக்கு எட்டுப் பத்து முறை பூச வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த மருந்து இது. இதில் வேலை செய்வது கற்றாழை பாதி, எட்டுத் தடவை ஒட்டக் கறந்து கழுவுவது பாதி என்பது என் அபிப்பிராயம். ஒரு தடவை பூசிவிட்டு "நாட்டு மருந்து கேக்கல" என்கிறவர்களுக்கு எந்த மருந்தும் கேட்காது. அதே சமயம் மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தால், பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால், கற்றாழையை அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அது டாக்டர் வேலை. டாக்டர் காம்பில் டியூப் மருந்து ஏற்றினால் அவர் சொன்ன நாள் வரைக்கும் ஏற்ற வேண்டும், அந்தப் பாலை அவர் சொன்ன நாள் வரைக்கும் ஊற்றக் கூடாது. இரண்டு டியூப்பில் வீக்கம் வற்றிவிட்டது என்று மூன்றாவதை அலமாரியில் வைத்துவிட்டு, பாலைச் சொசைட்டிக்குக் கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்தப் பாலில்தான் யாரோ வீட்டுக் குழந்தைக்கு ஹார்லிக்ஸ் கலக்குகிறார்கள்.

தலை ஈத்துக் கிடேரியின் மடி ஈனுவதற்குச் சில நாள் முன்னால் வீங்குவது வேறு. விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். அது நீர் கோத்த வீக்கம், பெரும்பாலும் ஈன்ற சில நாளில் தானே வடியும். அதற்கு டியூப் ஏற்றாதீர்கள்.

மார்கழி, தையில் எங்கள் ஊரில் வேறு தொல்லை. காம்பின் தோலில் வியர்வைச் சுரப்பியும் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. பனிக்காற்றில், ஈரக் கையால் கறந்து அப்படியே விட்டால் வெடிக்கும். அந்த வெடிப்பில் கிருமி குடியிருக்கும். கறக்கும்போது வலிக்கும், மாடு உதைக்கும், உதைக்கிற மாட்டின் காலைக் கட்டுவார்கள், கட்டினால் பாலை அடக்கிக்கொள்ளும். கறந்த பிறகு ஐயோடின் மருந்தில் காம்பை முக்கி எடுப்பது இரண்டு வேலை செய்கிறது. திறந்திருக்கும் நுனிக்குக் காவல், அதில் கலந்திருக்கும் கிளிசரின் வெடிப்புக்கு மருந்து. காம்பில் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டினால் அம்மை என்று விட்டுவிடுவார்கள். அத்தைக்கு அப்படி ஒரு மாட்டிடமிருந்து விரலில் சிவப்பாகக் கட்டி ஒன்று வந்தது. வலியில்லை. சில வாரம் இருந்து தானே போய்விட்டது. மாட்டம்மையின் தம்பி முறையில் ஒரு வைரஸ், கறப்பவர் கைக்கு வருவது சகஜம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அந்தக் கையோடு அடுத்த மாட்டைக் கறந்தால் அதற்கும் போகும். அதனால் நோய் மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் கடலூர்க்காரி எழுத முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை பொங்கி வந்தது. மாடுகளை ரோட்டு மேட்டில் கட்டினோம். கட்டின இடத்திலேயே சாணி, மூத்திரம், மழைத் தண்ணீர், எல்லாம் ஒன்றாகச் சேறு. வைக்கோல் போர் நனைந்து புழுங்கிவிட்டது. கறவை நேரம் தவறியது, சொசைட்டிக்கு வழியில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் மடிநோய் இல்லாத கொட்டாய் குறைவு. சாணியிலிருந்து வருகிற கிருமி வேகமானது; காலையில் நன்றாக இருந்த மாடு சாயங்காலம் எழுந்திருக்காது. நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான். மாடு நிற்கும் இடத்தில் செங்கல் பொடியும் மணலும் கொட்டி மடி படுகிற இடத்தை மட்டுமாவது காய வைத்தோம். எங்கள் மாடுகளில் ஒன்றுக்கு வந்தது, தெளிந்துவிட்டது. முள்கம்பியில் மாட்டிக் காம்பு கிழிந்த மாடு ஒன்றைப் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையத்துக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். காம்புக் கிழிசலை அன்றைக்கே தைத்தால் கூடும். நாள் கடந்து பக்கவாட்டில் ஓட்டை நின்றுவிட்டால், கறவை இருக்கும்வரை பால் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாடு வற்றின பிறகுதான் சரி செய்ய வசதி.

கைக்கு வசதி, கன்றுக்கு வசதி, இரண்டில் எதைத் தேடுவது என்பதற்கு வருகிறேன். காம்பின் அளவும் மடியின் அமைப்பும் தாய் வழியிலும் காளை வழியிலும் இறங்குகிற குணங்கள். சினை ஊசி போட வருகிறவரிடம் நாம் கேட்பது, "காளையோட தாய் எத்தனை லிட்டர்?" அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகளின் மடி எப்படி என்று கேட்டால் அவர் விநோதமாகப் பார்ப்பார். எங்களிடம் வருகிறவர் இப்போது பழகிவிட்டார், வந்ததும் சிரித்துக்கொண்டே, "அக்கா, மடியா?" என்கிறார். எந்தக் கிடேரிக் கன்றை வளர்ப்பது, எதை விற்பது என்று முடிவெடுக்கும்போதும் தாயின் பால் கணக்கோடு தாயின் காம்பையும் சேர்த்துப் பார்க்கிறோம். பால் கொஞ்சம் குறைந்தாலும் ஆறாவது ஈத்து வரை நான்கு காம்போடு நிற்கிற மாடு, மூன்றாவது ஈத்தில் ஒரு காம்பு போன பெருமடி மாட்டைவிட வீட்டுக்கு அதிகம் கொடுக்கிறது. செவலையின் கிடேரிக் கன்றை இதனால்தான் கொடுத்துவிட்டோம், வாங்கினவரிடம் காரணத்தைச் சொல்லியே கொடுத்தோம். அவர் தடித்த காம்புதான் வேண்டும் என்று சந்தோஷமாக ஓட்டிப் போனார்.

செவலை இப்போது சினை. அந்த வலது பின்காம்பு மருந்துக்குப் பாதி மசிந்தது, பாதி மசியவில்லை. தட்டில் இன்னமும் லேசாகத் திரள்கிறது. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்தி, நான்கு காம்பிலும் வற்றுக்கால டியூப் ஏற்றி விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. கறவையில் போகாத கிருமி அப்போது போகக்கூடும். அத்தைக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. "மூணு காம்பு நல்லாத்தானே இருக்கு, கெட்டதுக்கு மட்டும் போட்டா போதாதா? நாலுக்கும் எதுக்குக் காசு?" என்கிறார். வற்றின முதல் வாரங்களிலும் ஈனுவதற்கு முந்தைய நாட்களிலும்தான் நல்ல காம்புக்குப் புதிதாக நோய் வர வாய்ப்பு அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா வரும்போது அவரிடமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.